சுவரில் தலை சாய்த்து வாசித்த சந்திரக் கதை

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பும், லுணுகலையில் மேலும் இரண்டு வருடமும் படித்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பேரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்லவேண்டியிருக்கும். ஆனால் காசநோய்க்கு ஊசி போட்டு, அந்த ஊசியாலேயே தலை சுற்றிக் கிடக்கிறவர்களுக்கு யாரும் ஒன்றும் எழுதிவைத்திருப்பதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு நாள் காலை ஒரு பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. வாயைத் துடைத்த துணியில் ரத்தம் இருந்தது. எனக்கு என் நினைப்பு முதலில் வரவில்லை. தூளியில் கிடந்த பிள்ளையின் நினைப்புத்தான் வந்தது. துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய் நின்றேன். அதன்பிறகு நான் அந்தக் காம்பராவுக்குள் போகவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் இருப்பதை நிழலாகக் காட்டும் படம்) எடுத்தார்கள். இடது நுரையீரலின் மேல்பக்கத்தில் குழி என்றார்கள். காசநோய் (கிருமி நுரையீரலை அரிக்கும் நோய்) என்றார்கள். படுக்கை கொடுத்தார்கள். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசக் கிருமியைக் கொல்லும் மருந்து), அதோடு விழுங்கவே முடியாத கசப்பு மருந்து. முழு ஓய்வு. பேசக் கூடாது, நடக்கக் கூடாது, வாசிக்கவும் கூடாது.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. திரும்பப் பிள்ளைக்காம்பராவுக்குப் போகவேண்டும். எனக்குக் கட்டினவனும் இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. அந்தக் காம்பராவை விட்டால் நான் தம்பி வீட்டு மூலையில் உட்கார்ந்து சோறு தின்கிற ஒருத்தி.

மூன்றாம் மாதம் ஒரு காலை கட்டிலை விட்டு எழுந்தேன். தரை எழும்பி வந்து முகத்தில் அடித்தது. அன்றிலிருந்து தலையை அசைத்தால் கட்டில், ஜன்னல், மிஸியின் வெள்ளை உடுப்பு எல்லாம் துள்ளின. மிஸி என்று நாங்கள் சொல்வது தாதியை. நடந்தால் கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரியவில்லை. வார்டு கூட்டுகிறவர் என்னைப் பார்த்து, "காலையிலயே போட்டுட்டீங்களா ஆயா? எங்கன்னு சொன்னா நானும் வருவேன்ல?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போர்வைக்குள் போய் அழுதேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காதுக்குள் சமநிலை உறுப்பு (நாம் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்ந்து நிற்கிறோமா என்று மூளைக்குச் சொல்வது) ஒன்று இருக்கிறதாம். ஊசி அதைக் கெடுத்துவிட்டதாம். "ஊசியை நிப்பாட்டிறன். மற்ற மருந்துகள் போதும். ஆனால் கெட்டது கெட்டதுதான், ஆயா. உது திரும்பி வராது" என்றார். பொய் சொல்லாததற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

எனக்கு அடுத்த கட்டிலில் ஒரு டீச்சர் இருந்தார். அவரும் யாழ்ப்பாணம், பதுளையில் படிப்பித்தவர். அவருடைய தங்கை ஒரு நாள் நாலு புத்தகம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ருஷ்யாக்காரர் ஆகாயத்துக்கு நாயை அனுப்பிய வருடத்துக்கு மறுவருடம் அது. சந்திரன், நட்சத்திரம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸில் ஒரு பதிப்பகத்தார் இளம்பிள்ளைகளுக்காக அப்படிப்பட்ட கதைகள் போட்டார்கள். ஒன்று சந்திரனுக்குப் போகிற கதை. ஒன்று குளத்துக்கு அடியில் நிழல்கள் மட்டும் குடியிருக்கும் ராஜ்யம். ஒன்று வயதை விலைக்கு வாங்கி விற்கிற ஊர். ஒன்று பேசுகிற மலை.

"எல்லாம் முதல் புத்தகங்கள்" என்றார் டீச்சர். "உதை எழுதின ஒருத்தரும் முந்தி ஒண்டும் எழுதேல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கெண்டு வந்தது. இந்த வார்டுக்குள்ளை வந்த பொருள் வெளியிலை போகேலாது. எனக்குப் பிடிச்சிருக்கப் பெலனில்லை. நீர் வாசியும், நான் கேக்கிறன்."

"எழுத்து துள்ளுது டீச்சர்."

"அப்ப எழுத்தைப் பிடிச்சு வையும்."

விளையாட்டாகச் சொன்னார். நான் நிஜமாகவே வழி தேடினேன். தலையைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டால், தலை அசையாதவரை, எழுத்து நின்றது. பின்மண்டை வலித்தது. பரவாயில்லை. ஒரு பக்கம் வாசித்தேன், கண்ணை மூடாமல் ஜன்னலைப் பார்த்தேன், மறுபடி ஒரு பக்கம் வாசித்தேன். உங்களுக்கும் ஊசிக்குப் பிறகு எழுத்து ஆடினால் இப்படிச் செய்து பாருங்கள்.

டாக்டர் கண்டுவிட்டார்.

"உது என்ன புத்தகம்?"

"சந்திரனுக்குப் போற கதைங்க ஐயா."

"எத்தினை வயசு உமக்கு?"

"நாப்பத்தி மூணுங்க."

வார்டே சிரித்தது. "சின்னப் பிள்ளையளின்ரை கதை. தலை சுத்திற ஆள் வாசிக்கிறதோ? மூடி வைச்சிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டு படும்."

பெரிய ஆட்களுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசியதே கிடையாது. அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது. "கண்ண மூடுனா இன்னும் கூடச் சுத்துதுங்க ஐயா. எழுத்தப் பாத்தா நிக்குது. நான் படிப்பேங்க."

அவர் என்னையும் சுவரையும் பார்த்தார். "காய்ச்சல் ஏறினால் நானே வந்து பறிப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய்ச்சல் ஏறத்தான் செய்தது. அதற்குக் காரணம் ஒரு சித்தி.

சந்திரக் கதையில் கதிரேசன் என்று ஒரு பையன், சாரதா என்று அவன் மாமன் மகள். இருவரும் ராக்கெட்டில் போகிறார்கள். வழியில் சமைத்துப்போட ஆள் வேண்டுமென்று கதிரேசனின் சித்தியையும் ஏற்றிக்கொள்கிறார்கள். போகிற வழியில் அவர்களுக்கு உடம்பின் பாரம் போய்விடுகிறது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. சாரதா பயந்து கத்துகிறாள். பிறகு எதிரில் இருக்கும் ஓர் ஆணியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அதை விடாமல் பார்த்தபடியே கையும் காலும் அசைக்கப் பழகுகிறாள். அந்த இடத்தை மூன்று தரம் வாசித்தேன். எழுதினவர் சந்திரனுக்குப் போயிருக்க மாட்டார். ஆனால் எங்கேயோ, எப்போதோ, விழுந்து எழும்பியிருக்கிறார்.

சந்திரனில் வெயில் நன்றாக அடிக்கிறதென்று சித்தி வடகம் காயப்போடப் போகிறாள். அந்த நேரம் தரை பிளக்கிறது. கதிரேசனும் சாரதாவும் ஓடிவந்து ராக்கெட்டில் ஏறிப் பறந்துவிடுகிறார்கள். மெட்ராஸில் மாலை போடுகிறார்கள், பாண்டு வாத்தியம் வாசிக்கிறார்கள், கதை முடிந்தது. சித்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் பின்னால் புரட்டினேன், முன்னால் புரட்டினேன். எழுதினவர் அவளைச் சந்திரனிலேயே மறந்துவிட்டார்.

"டீச்சர், சித்தி என்ன ஆனாங்க?"

"முதல் புத்தகமெல்லே? எழுதின பெடியன் மறந்துபோனான்."

"அதெப்புடி மறக்கும்? சோறு ஆக்கிப்போட்டவங்க!"

"சோறாக்கிப் போட்டதாலைதான் மறந்தவன்."

அன்று பின்னேரம் காய்ச்சல் நூறைத் தாண்டியது. சொன்னபடியே டாக்டர் வந்து புத்தகத்தை எடுத்துப் போனார். சில நாள் கழித்துக் கட்டில்மேல் போட்டார். "அந்த மனிசியை விட்டிட்டு வந்திட்டாங்கள்" என்றார். "ஓமோ இல்லையோ?"

"ஆமாங்க ஐயா" என்றேன். அவர் மாத்திரைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வெளியே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினான்.

"அக்கா, பிள்ளக்காம்பராவுக்கு வேற ஆள் போட்டுட்டாங்க."

"யாரு?"

"பணிய லயத்துச் செல்லாயி." கீழ்ப்பக்கத்து வரிசை வீடுகளில் இருப்பவள்.

"அவளுக்குப் பிள்ளையத் தூளியில போடத் தெரியுமா?"

"எங்க தெரியுது? கோழியத் தூக்குற மாதிரி காலப் புடிச்சுல்ல தூக்குறா." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீ இனிமே வர மாட்டேன்னுதான் எல்லாரும் பேசிக்கிறாங்க அக்கா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சந்திரனில் வடகத்தோடு நின்றுகொண்டிருந்தேன். ராக்கெட் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று விட்டுப்போகவில்லை. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அப்படியானால் திரும்பி வருவது என் பொறுப்பு.

டீச்சரிடம் சித்தியின் மிச்சக் கதையை நானே சொன்னேன். அவள் வடகத்தைக் காயவைத்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். உடைந்துகிடந்த ராக்கெட் பலகையில் ஏறி உட்காருகிறாள். தானே ஊருக்கு வந்து, மாலையும் கழுத்துமாக நிற்கும் இரண்டு பேர் காதையும் பிடித்துத் திருகுகிறாள். டீச்சர் சிரித்துச் சிரித்து இருமினார். மிஸி வந்து எங்கள் இருவரையும் ஏசினார்.

மறுநாளிலிருந்து நடந்தேன். டீச்சரின் நீல எனாமல் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தோம். அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து அதுவரை நடப்பேன். கண் விலகினால் விழுவேன்.

"விழுந்தால் நான் எழும்பி வந்து தூக்கேன், சொல்லிப்போட்டன்."

"நீங்க தூக்க வேணாம் டீச்சர். கோப்பய நகட்டாம இருங்க, அது போதும்."

முழங்காலில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று காயம் பட்டது. கோப்பைவரை போகப் பழகினேன். பிறகு கதவுவரை. பிறகு தாழ்வாரம். அந்த மாதங்களில் நாலு புத்தகத்தையும் மாறி மாறி வாசித்தேன்.

நிறையப் புத்தகம் எழுதினவர்களின் கதைகளும் அந்த வார்டில் கிடந்தன. அவற்றில் நோயாளிகள் ஒழுங்காகச் சாவார்கள். வயதை விற்கிற ஊரைப் பற்றி எழுதின பெண்ணுக்கு அந்த ஒழுங்கு தெரியவில்லை. சாகக் கிடக்கிறவள் சந்தைக்குப் போய், பிடிக்காத ஒரு வருடத்தை விற்றுவிட்டு வருகிறாள். வழக்கமாக எது நடக்கும் என்று டாக்டர்களுக்குத் தெரியும், தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வழக்கம் தெரியாத ஆள் எனக்குத் தேவைப்பட்டது. சின்னப் பிள்ளைகளின் புத்தகம் என்று யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். படியுங்கள்.

டீச்சரை விலா எலும்பு எடுக்கும் ஆபரேஷனுக்குக் கொழும்புப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்துவிட்டார். அவரைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். அழுகிற எழுத்து அவருக்குப் பிடிக்காது.

என் சளியில் கிருமி இல்லை என்று அடுத்தடுத்த பரிசோதனைகளில் வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். புத்தகங்களை எரிக்க வேண்டும் என்றார் மிஸி. நானே கொண்டுபோய் நெருப்பில் போட்டேன். எங்கள் பிள்ளைகள் எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறவர்கள்.

தோட்டத்துக்கு வந்ததும் டிஸ்பென்சர் ஐயாவிடம் போனேன். தோட்டத்து மருந்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் அவர்தான் பொறுப்பு. டாக்டரின் காகிதத்தைப் படித்தார்.

"காயிதம் சரிதான் ஆயா. நடை சரியில்லையே?" ஒரு துணி மூட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதப் பிள்ளையா நெனச்சுக்க. அந்தக் கோடிவரைக்கும் தூக்கிட்டுப் போய்ட்டு வா."

"போக மாட்டேங்க."

"என்னது?"

"விழுந்தாலும் விழுவேங்க. பிள்ளையத் தூக்கிட்டு நான் இனிமே நடக்க மாட்டேன். தூக்குறதுக்குச் செல்லாயி இருக்கா. தரையில உக்காந்து பிள்ளைங்கள அழுகாம வச்சிருக்க ஆள் இருக்கா?"

"உக்காந்திருக்கிறதுக்குத் தோட்டத்துல யாரு சம்பளம் குடுப்பா?"

"பிள்ளை அழுகுற சத்தம் கேட்டு அம்மாமாரு மலைய விட்டு எறங்கி வந்துர்றாங்களாமே. அந்தக் கொழுந்த யாருங்க ஐயா பறிக்கிறா?"

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். காம்பராப் பக்கமிருந்து பிள்ளைகள் கத்துவது எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அரைப் பேர்தான் போடுவேன்" என்றார். பாதிச் சம்பளம் என்று அர்த்தம்.

"போடுங்க."

"வாய் எங்க கத்துகிட்ட? பதுளையிலயா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்றைக்கும் என் காதுக்குள் ஒரு வண்டு பாடுகிறது. இருட்டினால் நடக்க மாட்டேன், பனி மூடினாலும் நடக்க மாட்டேன். படி இறங்கும்போது ஒவ்வொரு படியும் புதிதாகச் செய்த படி மாதிரி இருக்கும். முன்பெல்லாம் உடம்பு தானாக நின்றது. இப்போது நான்தான் அதை நிறுத்திவைக்கிறேன், காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை. அதனால் நாள் நீளமாகிவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணியிலிருந்து தேநீர் நேரம்வரை முன்பு கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இப்போது அதற்குள் ஒரு மனுஷி நிறைய வாழ்ந்துவிடுகிறாள். பழைய உடம்பு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். இந்த உடம்பு போதுமா என்று கேட்டால், போதும்.

டிஸ்பென்சர் ஐயாவைப் பார்த்த மறுநாள் மழை. அரைப் பேருக்கு என்னைப் பதிந்தார்கள். செல்லாயி தாமதமாக வந்தாள். மத்தியானம் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினோம். தாய்மார் யாரும் மலையிலிருந்து இறங்கி வரவில்லை.