முதல் கட்டத்து ஞாயிறு

கல்யாண மண்டபத்துக்கு நாள் ஒதுக்க நான் எழுதிக்கொடுத்த புரோகிராமில் கலண்டர் மட்டும் என்னுடையதல்ல. மாதத்தைக் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டும் வேலை கம்பியூட்டரின் இயங்குதளத்துக்கே தெரியும். கூப்பிட்டால் வந்து நிற்கும், கட்டத்தை அமுக்கினால் தேதியைத் தரும். ஓசியில் கிடைப்பதை விடுவானேன் என்று நானும் அதையே வைத்துக்கொண்டேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் கடையில் எனக்கு வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் புரோகிராம் எழுதுகிறான் என்ற தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

மண்டபத்து ஆபீஸில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். டவுன் கடைக்காரர்கள் அவரிடம் தேதி சொல்லிக் கேட்பார்கள். தோட்டத்து ஆட்கள் கிழமை சொல்லித்தான் கேட்பார்கள், அதுவும் ஞாயிறுதான். மற்ற நாளில் கல்யாணம் வைத்தால் வருகிறவர்களுக்கெல்லாம் அன்றைய பேர் போய்விடும். ஒரு நாள் வேலைக்குச் சம்பளக் கணக்கில் விழுவதைத் தோட்டத்தில் 'பேர்' என்போம். "ரெண்டாவது ஞாயிறுங்க" என்றதும் வாத்தியாரின் கண் கலண்டரின் இடதுபக்க ஓரத்துக்குப் போகும். அங்கேதான் ஞாயிறு இருந்தது.

பழைய கம்பியூட்டர் மண்டையைப் போட்டது. யாரோ ஒரு புண்ணியவான் புதியதை வாங்கித் தந்தார். அதில் புதிய இயங்குதளம். புரோகிராமை ஏற்றிப் பார்த்தேன். பழைய தேதிகள் எல்லாம் ஒழுங்காகவே வந்தன. ஆனால் புதிய இயங்குதளத்தாருக்கு வாரம் திங்களில்தான் தொடங்குமாம். யாரையும் கேட்காமல் ஞாயிறைத் தூக்கிக் கடைசிக் கட்டத்தில் போட்டுவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. மேலே கிழமையின் பெயர் எறும்பு எழுத்தில் இருந்தது. அதை வாசித்துவிட்டா மனிதர் அமுக்குவார்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர், மகளின் கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது, அண்டா குண்டா விசாரிக்க வந்தார். அன்று கம்பியூட்டரில் வேறு ஏதோ பார்க்க வாத்தியார் என்னையும் கூப்பிட்டிருந்தார். கங்காணி நீட்டிய கல்யாணப் பத்திரிகையில் ஞாயிறு. கம்பியூட்டரில் அவர் பெயர் திங்களில். ஞாயிறை ஒரு கடைக்காரர் தேதி சொல்லிப் பிடித்து வைத்திருந்தார்.

வாத்தியாரின் முகம் செத்துப்போனது.

"தம்பி, நான் முதல் கட்டத்தைத்தானே அமத்தினனான். உது எப்ப இடம் மாறினது?"

"நாங்க ஞாயித்துக்கிழமைன்னுதாங்க சொன்னோம்," என்றார் கங்காணி. சத்தம் போடவில்லை. "ஊரு பூரா பத்திரிக கொடுத்தாச்சு. திங்கக்கெழமன்னா யாருங்க வருவா? பொண்ணு வெறும் மண்டபத்துலயா தாலி கட்டிக்கும்?"

கடைக்காரர் காலில் விழவும் தயார் என்று வாத்தியார் எழுந்தார். கங்காணிதான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவங்களும் பொண்ணுக்குத்தானே செய்றாங்க, சார். விடுங்க. தோட்டத்துல பேசிப் பாக்குறேன்." அவர் போனபின் ஒரே ஒரு வரி எழுதி, எந்தக் கம்பியூட்டரானாலும் ஞாயிறே முன்னால் வரும்படி கலண்டரைக் கட்டிப்போட்டேன். அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கங்காணி எங்கள் கம்பியூட்டர் கடைக்கே வந்து சொன்னார். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒன்றுகூடிப் போய்த் தோட்டத்தை நடத்தும் துரையைப் பார்த்தார்களாம். ஞாயிறு எல்லோரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவோம், திங்கள் எங்களுக்கு லீவு தாருங்கள் என்றார்களாம். "தொர சம்மதிச்சிட்டாருங்க. ஆனா ஞாயித்துக்கெழம காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு ஒருத்தர் கொறையாம வரணும்னுட்டாரு." ஐயரைக் கேட்டதில் திங்களிலும் முகூர்த்தம் இருந்தது. இறம்பொடை மாப்பிள்ளை வீட்டுக்கும் ஆள் போயாயிற்று.

திங்கள் காலை மண்டபத்துக்குள் நிற்க இடமில்லை. தோட்டமே லொறி ஏறி வந்திருந்தது. வாத்தியார் பந்தி பரிமாறுகிறேன் என்று எல்லோர் காலிலும் இடறிக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்து, மணமக்கள் கும்பிட வந்தபோது அவரையும் இழுத்து நிறுத்தினார்கள். குனிந்த பெண்ணின் விரல்களைப் பார்த்தேன். மருதாணிக்கு மேல் கொழுந்துக் கறை கறுப்பாகப் படிந்திருந்தது.

"நேத்து இவளும்தான் கூடய மாட்டிக்கிட்டு வந்தா," என்றாள் பக்கத்தில் நின்ற தோழி. "கல்யாணப் பொண்ணு வேணாம்டின்னு சொன்னோம், கேக்கல. எனக்காக நீங்கள்லாம் போறீங்க, நான் மட்டும் வீட்டுல குந்தியிருக்கவான்னுட்டா."

வாத்தியார் மணப்பெண்ணிடம் குனிந்தார். "பிள்ளை, எல்லாம் என்னாலதானே."

"அட விடுங்க சார்," என்றாள் அவள். "ஞாயித்துக்கெழமன்னா இத்தன பேரு வந்திருப்பாங்களோ என்னமோ."

அவர் அட்சதையைத் தூவ மறந்து, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.