இரண்டாம் எண் கேட்டு வந்த நோரீன்

பள்ளிப் பேருந்து ஓட்டும் நோரீனுக்கு வெட்கமே கிடையாது என்றது அந்த அயர்லாந்துச் சிற்றூர். இல்லாவிட்டால், கவுன்சில் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற மாட்டு வியாபாரி மாலக்கியின் வீட்டுக் கதவையே தட்டுவாளா?

"ஒண்ணு உங்களுக்கே போட்டுக்குங்க. என் பேருக்கு நேரா ரெண்டுன்னு எழுதினா போதும்" என்றாள். அங்கே ஓட்டுச்சீட்டில் வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண் போடுவார்கள்.

"நெஞ்சழுத்தம்தான் உனக்கு! மழையில நனையாம வீடு போய்ச் சேரு தாயே" என்று மாலக்கி கதவைச் சாத்தினார்.

ஓட்டு எண்ணிக்கையில், இருப்பவர்களில் குறைந்த ஓட்டு வாங்கியதால் ஏழாம் சுற்றோடு மாலக்கி வெளியேற்றப்பட்டார். அவருக்கு ஒன்று போட்டவர்களின் சீட்டுகளைப் பிரித்து, அடுத்த எண் யாருக்குப் போட்டிருந்ததோ அவருடைய கட்டோடு சேர்த்தார்கள். கவுன்சிலில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கான போட்டியில் இருநூறு ஓட்டுப் பின்தங்கியிருந்த நோரீன் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டு மளமளவென்று உயர்ந்தது. மூன்றே ஓட்டில் ஜெயித்தாள்.

மாலக்கி வந்து கை குலுக்கினார்.

"மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துனீங்களே!"

"சாத்துனேன்தான். எங்க வீட்டுல எத்தனை ஓட்டு, சொல்லு?"

"எத்தனை?"

"மூணு. முதல்ல எங்க தெருக் குழியை மூடு."