ருக்கு வைத்த புள்ளி

மல்லேஸ்வரத்தில் ஒரு மாலை நேரப் பாலிடெக்னிக்கின் ஆபீஸில் ருக்கு டைப்பிஸ்ட். ஆறு வருஷமாகியும் வேலை தற்காலிகம்தான். ஆனால் பிரதி எடுக்கும் மெஷினுக்கு ஸ்டென்சில் வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எலெக்ட்ரிகல் கணக்குகளுக்கான படங்களைக்கூட மெழுகுத்தாளில் இரும்புப் பேனாவால் அவளே கீறுவாள். ரெசிஸ்டருக்கு நெளிநெளியான கோடு, பேட்டரிக்கு ஒரு நெட்டையும் ஒரு குட்டையும். இதெல்லாம் என்ன என்று யாராவது கேட்டால், தபால்காரர் கடிதத்தைப் படித்துவிட்டா கொடுக்கிறார் என்பாள்.

1993 செப்டம்பர் இடைத்தேர்வுக்கு வந்த படத்தில் முப்பத்தாறு வோல்ட் பேட்டரி, நான்கு ரெசிஸ்டர்கள், நடுவே ஒன்றையொன்று தொடாமல் குறுக்கே தாண்டிப் போகும் இரண்டு கம்பிகள். அந்த இடத்தில் பேனா அழுந்தி மெழுகுத்தாள் லேசாகக் கிழிந்தது. கிழிசல் அசிங்கமாகத் தெரியுமே என்று ருக்கு அதை வட்டமாக உருட்டிவிட்டாள். அச்சில் அது கச்சிதமான கறுப்புப் புள்ளியாக வந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு பிரதிகளை ஓட்டி முடித்தாள்.

பாடம் எடுக்கும் பத்ரிநாத் தன் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தினார். விடை எட்டு ஆம்பியர். வகுப்பில் முப்பத்திரண்டு பேரும் ஒன்பது என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தர் தப்புப் போடலாம், அத்தனை பேரும் ஒரே தப்பைப் போடுவார்களா? காப்பிதான் என்று முடிவு கட்டினார். யாரைப் பார்த்து என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. தொம்மலூரிலிருந்து ஃபாக்டரி ஷிஃப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி வரும் அர்ஜுனன்தான் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரர். நாற்பது வயசு மனிதர். திங்கட்கிழமை பிரின்சிபால் முன்னால் விசாரணை. நிரூபணமானால் அவர் ஒரு வருஷம் வெளியே.

புதன் சாயங்காலம் அர்ஜுனன் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். "மேடம், அந்த கொஸ்டின் பேப்பர ஒருவாட்டி காட்றீங்களா? அன்னிக்கே திருப்பி வாங்கிட்டாங்க."

ருக்கு மீந்த பிரதியைக் கொடுத்தாள். அவர் நின்ற இடத்திலேயே உள்ளங்கையில் பேனாவால் போட்டுப் பார்த்தார். "இப்பவும் ஒம்போதுதான் வருது," என்று சொல்லிப் பேப்பரை நீட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். மை படிந்த அந்தக் கை ருக்குவின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

திருத்தல் முடிந்து ஃபைலுக்குத் திரும்பியிருந்த பத்ரிநாத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்து ஒப்பிட்டாள். எழுத்துக்கு எழுத்து சரி. படமும் சரி. அந்தப் புள்ளி மட்டும் அவர் தாளில் இல்லை.

எதிர் மேஜை டோரீனிடம் சொன்னாள். பிரதியை டோரீன் உரக்கப் படிக்க, ருக்கு ஸ்டென்சிலைச் சரிபார்ப்பது ஆறு வருஷப் பழக்கம்.

"பிடு ருக்கு, விட்டுத் தள்ளு. ஒரு புள்ளியில என்ன ஆயிடும்? உன் பெர்மனென்ட் ஃபைல் பிரின்சிபால் டேபிள்ல கெடக்கு. சும்நே வாயத் தொறக்காத."

புள்ளியால் ஒன்றும் ஆகாது என்றால் சும்மா இருந்துவிடலாம். அப்படியே இருக்கட்டும் என்று ருக்கு வேண்டிக்கொண்டாள், கொஞ்சம் வெட்கத்தோடுதான். ஆனால் அது தெரிய வேண்டுமானால் கணக்குத் தெரிய வேண்டும். யாரிடமாவது கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடைசியில், தானே டைப் அடித்த பாடக் குறிப்புகளை அலமாரியிலிருந்து இறக்கினாள்.

வியாழனும் வெள்ளியும் டிபன் நேரத்தில் டோரீன் படித்தாள். ருக்கு முதல்முறையாக அர்த்தத்தைக் கேட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் ரெசிஸ்டர்களைக் கூட்ட வேண்டும் என்பது உடனே புரிந்தது. பக்கம் பக்கமாக இருந்தால் தடை குறையும் என்பதுதான் மண்டைக்குள் ஏறவில்லை.

"இன்னொண்ணு சேத்தா எப்படி டோரீன் கொறையும்?"

டோரீன் தினமும் அல்சூரிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வருகிறவள். "ஒரே வாசல் இருக்கற பஸ்ல எறங்க எவ்ளோ நேரம் ஆவுது? ரெண்டு வாசல் இருந்தா?"

ருக்கு தாள் ஓரத்தில் இரண்டு வாசல் வைத்து ஒரு பஸ் வரைந்தாள். அதற்கப்புறம் பென்சில் தடங்கலில்லாமல் ஓடியது.

சனிக்கிழமை, முதலில் புள்ளி இல்லாமல் போட்டாள். ஒவ்வொரு வழியிலும் மூன்றும் ஆறும் ஒன்பது ஓம், இரண்டு ஒன்பது பக்கம் பக்கமாக நாலரை, முப்பத்தாறை அதால் வகுக்க விடை எட்டு. பத்ரிநாத்தின் எட்டு தன் பென்சிலில் வந்ததைக் கண்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு புள்ளியோடு போட்டாள். படத்தில் புள்ளி இருந்தால் கம்பிகள் ஒட்டியிருப்பதாக அர்த்தம். இப்போது அவை நடுவில் சேர்ந்துவிட்டன. இந்தப் பக்கம் மூன்றும் ஆறும் சேர்ந்து இரண்டு, அந்தப் பக்கமும் இரண்டு, மொத்தம் நான்கு. முப்பத்தாறை நாலால் வகுத்தாள். ஒன்பது வந்தது.

தைரியம் போவதற்குள் கையெழுத்துப் பிரதி, அச்சுப் பிரதி, தன் கணக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தாள். டோரீன் தடுக்கவில்லை, வாசல்வரை கூட வந்தாள்.

பத்ரிநாத் மூன்று தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்தக் கணக்க யாரு போட்டது?"

"புள்ளி வச்சதும் நான்தான் சார். கணக்குப் போட்டதும் நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அச்சான பேப்பர ஒரு தடவயாவது நான் பாத்திருக்கணும்மா," என்றார். விசாரணை நடக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் நின்று முப்பத்திரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். ருக்குவின் ஃபைல் மட்டும் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்கான மெமோவை அடிக்க வேறு ஆள் இல்லாததால் அவளே அடித்தாள், ஒரு பிழையும் இல்லாமல்.

அன்று சாயங்காலம் அர்ஜுனன் ஜன்னலுக்கு வந்தார். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தவளுக்கு, "மன்னிச்சிடுங்க," என்பதற்குமேல் வரவில்லை.

"அட, விடுங்க மேடம். சார் கையெழுத்துல இருந்திருந்தா ரெண்டுவாட்டி பாத்திருப்போம். நீங்க போட்ட படமாச்சே, தப்பு இருக்காதுன்னு ஒருத்தரும் சந்தேகப்படல."

அவர் போனபிறகு ருக்கு ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டு அழுதாள். 2001-இல் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வரும்வரை, தான் ஒரு தடவை போட்டுப் பார்க்காத எந்தக் கணக்கையும் அவள் ஸ்டென்சிலில் கீறவில்லை.