பதினாலாம் இலக்கத் தாள்

கரண்ட் இல்லாத ஊரிலை இருந்துகொண்டு நான் கணினி வலையமைப்புப் படிச்சன். சிரிக்கிறவை சிரிச்சு முடிச்சிட்டு வாங்கோ, நான் இருக்கிறன்.

கொழும்புக் கந்தோர் ஒண்டிலை கணினிகளைப் பார்க்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தன். அந்த வேலை கிடைச்சால்தான் எனக்கு ஒரு வழி. வெளிநாட்டிலை இருந்த அண்ணை ஒரு புத்தகத்திலை இருபது பக்கம் போட்டோக் கொப்பி அடிச்சு அனுப்பினவர். முழுக்க ஒரே விசயம், வலயக் கோப்பு. ஒரு கணினியின்ரை பெயரைச் சொன்னால் அது எந்த இலக்கத்திலை இருக்கெண்டு சொல்லுற அட்டவணை. அது தலைமைச் சேர்வரிலை இருக்கும். இரண்டாம் சேர்வர் ஒரு கொப்பி வைச்சிருக்கும். ஆனால் அந்த இரண்டாமாள் அட்டவணையை வாசிக்காது. உச்சியிலை கிடக்கிற, ஒவ்வொரு மாத்தத்துக்கும் தலைமையாள் ஒண்டு கூட்டவேண்டிய தொடர் இலக்கத்தை மட்டும் பார்க்கும். கூடியிருந்தால் புதுக்கொப்பி எடுக்கும், இல்லாட்டில் திரும்பியும் பாராது.

சேர்வருக்கு எங்கை போறது? நானே தலைமைச் சேர்வர். கொடிகாமத்திலை இருந்த மாமாவின்ரை மகள், என்ரை வயசு மச்சாள், இரண்டாம் சேர்வர். கணினிகளுக்குப் பதிலாச் சொந்தக்காரரின்ரை பெயரும் அவை இருக்கிற இடமும் எழுதினம். அந்த நாளையிலை சண்டையாலை ஆரும் ஒரு இடத்திலை இருக்கேல்லை, பயிற்சிக்குக் குறைவில்லை. கிழமைக்கு ஒருக்கா தாளை மரக்கறி ஏத்துற வான்காரரிட்டைக் குடுத்து விடுவன். இலக்கம் கூடாத தாள் போனால் மச்சாள் வாசிக்க மாட்டா. கடதாசித் தட்டுப்பாடு, பின்பக்கத்திலை வெங்காய நிறை எழுதுவா. பொல்லாத சேர்வர்.

கந்தோருக்கும் கொடிகாமத்து விலாசத்தைத்தான் குடுத்திருந்தன். அங்கைதான் தபால் ஒழுங்கா வந்தது.

பிறகு எங்கடை ஊரான கொழும்புத்துறையிலை வீட்டுப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிச்சுது. சட்டி பானையோடை உடுப்பிட்டிக்குப் போனம். போன கையோடை என்ரை பெயருக்கு நேரை கொழும்புத்துறையை அழிச்சு, புது இடத்தை எழுதித் தாளை அனுப்பினன். கெட்டிக்காரன் எண்டு எனக்கு ஒரு நினைப்பு.

அதோடை வானும் நிண்டு போச்சு. மூண்டு கிழமையாக் கந்தோர்க் கடிதம் இல்லை. பொறுக்கேலாமல் சைக்கிளிலை கொடிகாமம் போனன்.

"உயிரோடைதான் இருக்கிறீரோ?" எண்டு மச்சாள் கேட்டா. கேக்கேக்கையே குரல் உடைஞ்சு போச்சு.

கடிதம் வந்தவுடனை அந்த வெய்யிலுக்கை கொழும்புத்துறை மட்டும் சைக்கிள் உழக்கினவவாம். எங்கடை வீட்டுக்குக் கூரை இல்லையாம். கேக்க அயலிலை ஒரு சனமும் இல்லையாம். பின்னேரம் மட்டும் படலையடியிலை நிண்டிட்டுத் திரும்பினவவாம்.

"இடம் மாறினதை எழுதி அனுப்பினனான் எல்லே!" எண்டு கத்தினன். எனக்குக் கோபம் தலைக்கேறீட்டுது.

மச்சாள் உள்ளை போய் கடிதத்தையும் இரண்டு தாளையும் கொண்டுவந்து வைச்சா. ஒண்டு அவவின்ரை கொப்பி, உச்சியிலை பதினாலு. மற்றது நான் அனுப்பினது, அதிலையும் பதினாலு. அதின்ரை பின்பக்கம் முழுக்க வெங்காய நிறை. முன்பக்கத்திலை உடுப்பிட்டி எண்டு என்ரை வடிவான எழுத்திலை கிடந்தது.

கடிதத்தை உடைச்சன். நேர்முகப் பரீட்சை முந்தநாள் முடிஞ்சு போச்சு.

மச்சாள் பென்சிலை நீட்டினா. "கூட்டும்."

பதினாலை வெட்டிப் பதினைஞ்சு எண்டு எழுதினன். அதுக்குப் பிறகுதான் அவ என்ரை தாளை எடுத்து மேலையிருந்து வாசிச்சா. என்ரை பெயர் வந்த இடத்திலை நிண்டு, தன்ரை கொப்பியிலை கிடந்த கொழும்புத்துறையை அழிறப்பராலை அழிக்கத் தொடங்கினா. எழுத்து எப்பவோ போயிட்டுது. தாள் கிழியுமட்டும் அழிச்சா.