போதும் என்று வைத்த பெயர்

எனக்கு முன்னால் மூன்று பெண்கள். நான்காவதாக நான் வந்ததும் சிலமலையில் எங்கள் வீட்டில் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. போதும்பொண்ணு என்று வைத்துவிட்டார்கள். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிக்க எங்கள் பக்கம் அதுதான் வழி. சாமிக்கு எழுதிய மனுவை என் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் தம்பி பிறந்தான். மனு பலித்துவிட்டது.

எழுபதுகளில் போடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பேனா நட்பு என்று ஒரு பைத்தியம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இங்கிலீஷ் டீச்சர் கொடுத்த முகவரிகளில் எனக்கு வாய்த்தவள் ஜப்பான்காரி, என் வயசுதான். மூன்றாவது கடிதத்தில் உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். ‘நிறைவு’ என்று கூசாமல் எழுதினேன்.

அவள் பதிலில் தன் அம்மாவின் பெயரை எழுதியிருந்தாள். தோமே. நிறுத்து என்று அர்த்தமாம். அம்மா ஆறாவது பெண். பிள்ளை போதும் என்று தோன்றினால் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைப்பது அவர்கள் நாட்டு விவசாயக் குடும்பங்களில் பழைய வழக்கம். கடைசி என்று பொருள்படும் சூயே என்ற பெயரும் உண்டாம். இப்போது அதெல்லாம் யாரும் வைப்பதில்லை என்றும், அம்மா கல்யாணத்துக்குப் பிறகு கோர்ட்டில் எழுதிக்கொடுத்து வேறு பெயர் வைத்துக்கொண்டாள் என்றும் எழுதியிருந்தாள்.

கடல் தாண்டியும் இதே புத்திதானா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, பொய் எழுதியதற்கு வெட்கமாக இருந்தது. பெயரை மாற்றலாம் என்பது மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயர் ஏறும் வருடம் அது. அப்பா கையெழுத்துப் போட்டால் திருத்திக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை சொன்னார். என்ன பெயர் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். காகிதத்தை நீட்டியபோது அப்பா கோபப்படவில்லை.

“இந்தப் பேர வச்ச பெறகுதேன் ஒந்தம்பி வந்து தங்குனான். மாத்தப்போயி அவனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா என்ன செய்வ ஆத்தா?”

என்ன செய்வேன்? தம்பி பக்கத்தில் உட்கார்ந்து உப்பு தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தான். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஜப்பான்காரிக்கு அதன் பிறகு நான் எழுதவில்லை. அவள் அம்மாவுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காது என்று எழுதவா?

எண்பதுகளின் தொடக்கத்தில், தம்பிக்கு இருபத்தோரு வயது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பில் அவனும் போனான். போடிமெட்டு வளைவில் அது உருண்டது. அவன் மட்டும் பிழைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் போடியில் இருந்தேன். கருமாதி முடிந்த மறுநாள் அம்மா என் வீட்டுக்கு வந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கேட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னையும் படிக்கச் சொல்லவில்லை. தெருமுனை மளிகைக்கடை பாயிடம் கொண்டுபோனாள். நான் பின்னாலேயே போனேன்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெயரை வாசித்தார். போதும்பொண்ணு. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அழித்து எழுதிய தடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இல்லை என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கள்ளத்தனமாகப் பெயரை மாற்றித் தம்பியைக் கொன்றிருப்பேன் என்று என்னைப் பெற்றவள் நினைத்திருக்கிறாள். மாற்றியிருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும், மண்ணை வாரித் தூற்ற ஒருத்தி கிடைத்திருப்பாள்.

“நீ மாத்தவே இல்லையாடி?”

இல்லை என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு அவள் பஸ்சுக்கு நடந்தாள். சாகும்வரை அவள் என்னை மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.