சித்தி திட்டித் திட்டி விற்ற பூசணி

எங்கள் சித்தி ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் வானத்தில் திரியும் செயற்கைக்கோள்கள் அத்தனையும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கும். அந்தப் பேரரசி இப்போது கொட்டகைத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு பூசணிக்காயின் கன்னத்தை ஈரத்துணியால் துடைக்கிறார். "கொஞ்சம் திரும்புடி கண்ணு, இந்தப் பக்கம் வெளிச்சம் விழல." காய் திரும்பாது. சித்திதான் உருண்டுபோய் மறுபக்கம் படுப்பார்.

ஆலங்கட்டி மழை இந்த வருடம் விளைச்சலைக் கெடுக்கவில்லை, முகத்தைக் கெடுத்துவிட்டது. காய்க்குக் காய் தழும்பு. சந்தைத் தரகர் வாசலில் நின்றபடியே, "மூஞ்சி சரியில்லம்மா, மாட்டுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காய் விற்காவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு டவுனில் வேலை தேடுவதாகச் சித்தப்பா முடிவே கட்டிவிட்டார். அன்றைக்குத்தான் சித்தி ஃபோனில் ஒரு விற்பனை ஆப்பில் கடை திறந்தார்.

அங்கே எல்லோரும் ஒரே அழகான படத்தைப் போட்டு மொத்தக் குவியலையும் விற்பார்கள். சித்திக்கு அது தெரியாது. ஒவ்வொரு காய்க்கும் தனிப்படம், தனி அறிமுகம். "இவ கொஞ்சம் சப்பை. நெத்தியில தழும்பு. இதே கொடியில ஒண்ண வெட்டிப் பாத்தேன், உள்ள நல்ல மஞ்சள்."

"அவனவன் நொண்டிக் குதிரையவே பந்தயக் குதிரைன்னு விக்கிறான். நீ உன் சரக்க நீயே திட்டுற" என்று தலையில் அடித்துக்கொண்டார் சித்தப்பா.

"வாங்கிட்டுப் போய் அவங்க திட்டுறதுக்கு, நானே திட்டிட்டா தேவல."

ஜனங்கள் தழும்பைப் பார்த்துப் பார்த்தே எடுத்தார்கள். "அந்த மூக்கு கோணினவள எனக்கு வைங்க" என்று ஒருத்தி எழுதினாள். தலையில் அடித்துக்கொண்ட அதே கையால் சித்தப்பா பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார். மிச்சம் மீதி கிடைக்குமா என்று தரகர் வந்து எட்டிப் பார்த்தார். "ஆப்புல பாருங்கண்ணே. உங்களுக்கும் டெலிவரி உண்டு" என்றார் சித்தி, தலை நிமிராமல்.

கடைசியில் ஒன்றே ஒன்று தங்கியது. வாத்துக் கழுத்தும் யானை வயிறுமாக ஒரு பிறவி. ஐந்தாவது படத்தில் சித்தி, "குணம் தங்கம்" என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, யாரோ ஒரு தொழிலதிபர் வாங்கிவிட்டார். பெரிய மனுஷர். விருந்துக்கு வேண்டுமாம்.

சித்தி பெட்டியை ஒட்டி, முகவரியைப் படித்தார். பக்கத்துத் தெரு, எங்கள் வீட்டு எண். வாசலில் நின்ற கூரியர்காரரைத் தாண்டி வந்து, பெட்டியைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மடியில் இறக்கிவைத்து, பேனாவை நீட்டினார்.

"தொழிலதிபர் ஐயா, கையெழுத்துப் போடுங்க."