துரை தின்ற ரொட்டி

காலை வெயில் ஏறுகிற நேரத்தில் எங்கள் தெருவின் மண்சுவர்கள் மேல் ஒரு வெளிச்சம் ஊர்ந்து போகும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். காற்றடித்தால் ஓடும், காற்று நின்றால் அதுவும் நின்று, யாரையோ தேடுவது போல ஓரிடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். வாசலில் கோலம் போடுகிற பெண்கள் அதைக் கண்டதும் முந்தானையை இழுத்துக் கைக்குழந்தையின் முகத்தை மூடிக்கொள்வார்கள். "துரை பாக்கறாரு, உள்ள வாங்கடா" என்று ஏதாவது ஒரு வீட்டிலிருந்து குரல் வரும். கோலிக்குண்டுகளை அப்படியே போட்டுவிட்டு நாங்கள் கூரைக்கடியில் ஓடி ஒளிவோம். வெளிச்சத்தைக் கண்டு ஒளிகிற பிள்ளைகளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

நான் நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ஆனால் இன்று புதுச்சேரியில் எந்தப் பக்கம் மாடி எழும்பினாலும் அதற்கு முட்டுக்கொடுத்து நிற்பது பெரும்பாலும் என்னுடைய சென்டரிங் தகடாகத்தான் இருக்கும். படித்த இஞ்சினியர்கள் "இந்த சென்டரிங்கை எப்போ பிரிக்கலாம்ணே?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பிரிப்பார்கள். முதலியார்பேட்டைக்கு வந்து என் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரன் நேரே என் வீட்டு வாசலில் இறக்கிவிடுவான். ஐந்தாவது மாடி விளிம்பில் கைப்பிடி இல்லாமல் நடந்தவன் நான். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட எனக்கும் ஒரு பயம் இருந்தது. அது "மலை பங்களா".

மலை என்று நாங்கள் சொன்னது மலையே இல்லை. கோரிமேட்டுப் பக்கம் இருந்த ஒரு செம்மண் மேடு. பிற்காலத்தில் ஊட்டிக்குப் போய் உண்மையான மலையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மேட்டடியில் குடிசை போட்டு வாழ்ந்த எங்களுக்கு அதுதான் மலை. அதன் உச்சியில், முந்திரிக்காடு நெருக்கி மூடிய நடுவில், பிரெஞ்சுக்காரத் துரை ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டிய அந்த மாளிகை பூசணம் பிடித்துக் கறுத்து நின்றது. அவருடைய பெண்சாதி மதாம் சீமைக்குப் போனவள் கப்பலேறித் திரும்பி வருவதாக எழுதியிருந்தாளாம். கப்பல் வரவில்லை. துரை மேல்மாடியில் கிழக்கே பார்த்த சன்னலில் உட்கார்ந்து தூரக்கண்ணாடி வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்து, உட்கார்ந்தபடியே செத்துப்போனாராம். செத்த பிறகும் பார்ப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் ஊர்ப்பேச்சு. அந்தக் கண்ணாடி வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறதோ அவர்களை அவர் தன் ஆள் என்று நினைத்து அழைத்துக்கொள்வார். மாடு மேய்த்த ஒருவன் அப்படித்தான் மூன்றே நாளில் போனான் என்பார்கள்.

சன்னலில் ஒரே ஒரு கண்ணாடி மட்டும் உடையாமல் மிஞ்சியிருந்தது, கீல் கழன்ற கதவு காற்றில் ஆட, காலை வெயில் அதில் பட்டு எங்கள் தெருவில் விழுந்தது; இது எனக்கு இன்று தெரிகிறது. பத்து வயதில் தெரிந்தது வேறு. பயம் எவ்வளவோ அவ்வளவு ஆசையும் இருந்தது. தூண்கள் எவ்வளவு பெரிது, உள்ளே தரை சதுரங்கக் கட்டம் போல இருக்குமாமே, ஆளுயரக் கண்ணாடி இருக்குமாமே என்று பிள்ளைகள் கூடினால் அந்தப் பேச்சுதான்.

துரையைச் சாந்தப்படுத்த எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. டவுனில் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோய்த் தங்கள் முன்னோருக்கு வைப்பார்கள் அல்லவா, துரைக்கு வைக்க யாரும் இல்லையே என்று எங்கள் விவசாயச் சனம் அன்று அவருக்குப் படைத்தது. டவுன் அடுப்பில் சுட்ட நீட்டு ரொட்டி ஒன்று, பொரித்த மீன், வாழைப்பழம், சுருட்டு, ஒரு சின்ன பாட்டில் பிராந்தி. இவற்றைப் பித்தளைத் தட்டில் வைத்துப் பங்களாவுக்குள் கொண்டுபோய் வைக்கிற உரிமை என் அப்பாவுடையது. அதற்காக மாரியம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவருக்குத்தான் கட்டுவார்கள். நிலம் இல்லாத, எலும்பும் தோலுமாக இருந்த மனிதருக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அது.

படைத்த பிறகு நாலாம் நாள் காலை வரை பங்களா கேட் முன்னால் போகிற பாதையில் யாரும் போகக்கூடாது. துரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதிலும் நோயாளிகள் போனால் அங்கேயே மறித்து எடுத்துக்கொள்வார். நாலாம் நாள் அப்பா போய் வெறும் தட்டையும் காலி பாட்டிலையும் எடுத்து வந்து காட்டுவார். "தட்டு எறங்கிடுச்சி" என்று சொல்லிக்கொண்டு சனம் பழையபடி அந்த வழியில் நடக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. வயலில் வேலை இல்லை, எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு வேளை எரிந்தால் அதிசயம். படையலுக்கு முதல் நாள் என் பெரியப்பா டவுனிலிருந்து ரொட்டி வாங்கிவந்து எங்கள் வீட்டு உறியில் வைத்தார். அந்த வாசனை கூரையெல்லாம் நிறைந்துவிட்டது. என் தங்கை செல்விக்கு அப்போது ஆறு வயது. அண்ணாந்து உறியைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணே, துரை முழுசும் துன்னுடுவாரா?"

"பெரிய ஆளு இல்ல? துன்னுடுவாரு."

"கொஞ்சூண்டு மிச்சம் வெக்க மாட்டாரா?"

படையல் வைத்த மறுநாள் காலை மழை வெறித்தது. அம்மா கீரை பறிக்கப் போனதும் நான் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு முந்திரிக்காட்டுக்குள் ஏறினேன். அவளைக் கேட்டுக்கு உள்ளே ஒரு புதருக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் படியேறினேன். இன்றுவரை நான் ஏறிய எந்தச் சாரமும் அந்த ஐந்து படிகளுக்கு ஈடாகாது.

உள்ளே வௌவால் நாற்றம். தரை சொன்னது போலவே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. கறுப்பில் கால் வைத்தால் பிடித்துக்கொள்வார் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வெள்ளையிலேயே மிதித்துப் போனேன். சுவரோரம் பாதரசம் உதிர்ந்த ஆளுயரக் கண்ணாடி. அதில் தலை இல்லாத ஒரு பையன் வந்தான். அது நான்தான் என்று புரிவதற்குள் என் கால்சட்டை நனைந்துவிட்டது. தட்டு நடுக்கூடத்தில் கல்மேசை மேல் இருந்தது. மேல்மாடியில் எதுவோ கிரீச்சிட்டது, நின்றது, மறுபடி கிரீச்சிட்டது. நாற்காலியை நகர்த்திக்கொண்டு ஒருவர் எழுந்திருப்பது போலவே இருந்தது. மீனைத் தொடவில்லை, பாட்டிலைத் தொடவில்லை. ரொட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

புதருக்குப் பின்னால் உட்கார்ந்து இருவரும் முழுவதையும் தின்றோம். மேல் ஓடு கடினமாகி, உள்ளே பஞ்சு போல இருந்தது. செல்வி மடியில் விழுந்த துகளைக்கூட விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள். "யார் கிட்டயும் சொல்லாத" என்றேன். தலையாட்டினாள். எழுந்து இறங்கும்போதுதான் அந்த வெளிச்சம் இலைகளுக்கு நடுவே இறங்கி வந்து நேராக அவள் முகத்தில் நின்றது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "கூசுது அண்ணே" என்று சிரித்தாள். நான் அவளை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் விடிந்தபோது உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது, பல் கிட்டிக்கொண்டது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பெரிய ஆஸ்பத்திரி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போக இரண்டே வழி. ஏரியோரப் பாதையில் கழுத்தளவு வெள்ளம். இன்னொன்று பங்களா கேட்டைத் தாண்டிப் போவது.

வாசலில் ஊரே கூடிவிட்டது. பெரியப்பா, "வண்டியப் பூட்டறேன், என்னா ஆனாலும் ஆவட்டும்" என்றார். அம்மா அவர் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"எந்த வழியா மாமா ஓட்டுவ? கேட்டுகிட்ட போனா புள்ளய அப்படியே எடுத்துக்குவாரு. நான் உட மாட்டேன்."

"நாளைக்குக் காலம்பற தட்டு எறங்கிடும். ஒரு நாளு பொறுத்துக்கிட்டா என்னா?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"ஒரு நாளு தாங்குமா இது?" என்றார் பெரியப்பா.  வண்டியில் கைவைக்க யாரும் வரவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று வாசற்படி வரை வந்தேன். நான்தான் தின்றேன், அவளை விட்டுவிடு என்று மேட்டைப் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது. வாய் திறக்கவில்லை. அப்பா செல்வியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தனியாக மேடேறிப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் வெறும் தட்டு, இன்னொரு கையில் மூடி கழற்றாத பிராந்தி பாட்டில்.

"தட்டு எறங்கிடுச்சி" என்றார்.

"அதெப்படிய்யா, இன்னும் நாளு ஆவலையே" என்றார் பெரியவர்.

"துரையும் இல்ல, ஒருத்தனும் இல்ல. ரொட்டியத் துன்னது நான். இந்த வருஷம் மட்டும் இல்ல, எல்லா வருஷமும் நான்தான் துன்னேன். பிராந்தியக் குடிச்சதும் நான்தான். பாத்துக்குங்க."

பல்லால் மூடியைக் கடித்துத் துப்பிவிட்டு, நின்றபடி அந்தப் பாட்டிலை அண்ணாந்து காலி செய்தார். கூட்டத்தில் ஒருவன், "இத்தினி வருஷம் துரை சோறு துன்னுட்டுமா இந்த ஒடம்பு இப்படிக் கெடக்கு?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவரையே வெறித்துப் பார்த்துவிட்டு வழியை விட்டு ஒதுங்கினாள். அப்பா வண்டிக்குக் காத்திருக்கவில்லை. செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

கேட் நெருங்கியதும்தான் பார்த்தேன், அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது.  கிட்டே போய்க் கேட்டேன்; துரையைத்தான் முசே முசே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "முசே, என்னைப் புடிச்சிக்கோ. புள்ளய உட்டுடு. முசே, என்னைப் புடிச்சிக்கோ." கேட்டைத் தாண்டும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு போனார். தாண்டி நூறடி போனதும் சாலையோரம் குனிந்து, பிள்ளையை விடாமல், குடித்த அத்தனையையும் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பசிச்சிதா?"

தலையாட்டினேன். "சரி, வா" என்றார். அதற்குப் பிறகு சாகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை.

விஷக்காய்ச்சல் தலைக்கேறிவிட்டது, இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். செல்வி பிழைத்து வீடு வந்தாள். அடுத்த திருவிழாவில் பரிவட்டம் வேறு ஒருவர் தலைக்குப் போயிற்று. அப்பாவை அடித்தவர்கள், திட்டியவர்கள் யாரும் இல்லை. ஆனால் "ரொட்டிக்காரன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேலியாக, பிறகு பழக்கமாக, கடைசியில் அவருக்கு வேறு பெயர் இருந்ததே மறந்துபோகிற அளவுக்கு. அவர் செத்த அன்று பக்கத்து ஊருக்குச் சேதி சொல்லப் போனவனும் "ரொட்டிக்காரன் பூட்டாரு" என்றுதான் சொன்னான். வருஷா வருஷம் அப்பா, காக்கையும் அணிலும் தின்றது போக மிஞ்சிய ரொட்டியை மண்ணில் புதைத்துவிட்டு, பிராந்தியைப் பங்களாப் படியிலேயே துரைக்கு ஊற்றிவிட்டு வருவார் என்று அம்மா எனக்குச் சொன்னது அதற்கும் பிறகுதான். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. துரை இல்லை என்று சொன்ன அந்த மனிதரைப் போல துரையை நம்பியவர் ஊரில் வேறு யாருமில்லை.

அந்த ரொட்டியைத் தின்றது நான் என்று ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. பிள்ளையாக இருந்தபோது பயம். பெரியவனானதும், இனிமேல் சொல்லி என்ன என்ற சோம்பல். பெயரும் வசதியும் வந்த பிறகு, இவ்வளவு பெரிய ஆள் இதைச் சொல்வதா என்ற வெட்கம்.

இப்போது அந்தப் பக்கம் போனால் மேடே இல்லை. செம்மண்ணை லாரி லாரியாக வெட்டி எடுத்துப் பள்ளங்களை நிரப்பிவிட்டார்கள்; பங்களாவின் தேக்குக் கதவுகள் எந்த ஓட்டல் வாசலிலோ மெருகேறி நிற்கின்றன. அங்கே எழுந்த அடுக்குமாடிக்குச் சென்டரிங் போட்டவன் நான்தான். கல்லறைத் திருநாளில் அங்கே ரொட்டி வைப்பவர்கள் இல்லை. அன்று வாசலில் கூடி நின்ற முகங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது செல்வி ஒருத்திதான். பிள்ளைச்சாவடிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். இதை எழுதப்போகிறேன் என்று போனில் அவளிடம் சொன்னேன். அவள் சொன்னது இதுதான்.

"எழுதுண்ணே. அப்பா பேர மட்டும் சரியா போடு."

அவர் பெயர் கோவிந்தசாமி.